ஏரியில் ஒன்பது

காலை ஏழு மணிக்கு வெங்கடலட்சுமியின் குரல் பதிவு:
"ஏரியில ஒன்பது நிக்குது சார். அதுல குட்டி ரெண்டு.
யாரும் வெளிய வராதீங்கன்னு
ஜீப்புல மைக்கு வெச்சு சொல்லிட்டுப் போறாங்க.
கரண்டும் இல்ல.
உங்க புத்தக மூட்டை பரண்மேல அப்படியே இருக்கு.
எதைப் படிக்கட்டும்?"

கரண்டை நிறுத்தியது என் பழைய ஆபீஸ்தான்.
நொகனூர்க் காட்டோரம் கம்பி தாழத் தொங்குகிறது,
துதிக்கை எட்டும் என்று
நாலு தடவை எழுதிக் கொடுத்தேன்.
கம்பி ஏறவில்லை. அரூருக்கு மாற்றல் வந்தது.
வாடகை வீட்டைக் காலி செய்த அன்று
ஃபேனைக் கழற்றிக்கொண்டேன்,
புத்தகங்களை விட்டுவிட்டேன்.

வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், பத்தாவதோடு கல்யாணம்.
அவள் படிப்பாள் என்று
இரண்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும்
எனக்குத் தெரியாது.

பதில் அனுப்பினேன், ரீடிங் எடுக்கும் வழியெல்லாம்
நின்று நின்று:

அட்டை இல்லாத ஒன்று இருக்கும், முதலில் அது.
உப்பு லாரியில் தூங்கிப்போனவள்
பாஷை தெரியாத ஊரில் கண் விழிப்பாள்.
முதல் இருபது பக்கம் மழைதான். பொறுத்துக்கொள்.
அறுபதாம் பக்கத்தில் ஓர் எறும்பு நசுங்கியிருக்கும்;
அங்கே நான் மூட முடியாமல்
விடியவிட்டேன்.

பச்சை அட்டை வேண்டாம். கவிதை.
அடைந்து கிடக்கும்போது படித்தால்
சுவர் இன்னும் கிட்டே வரும்.

சமையல் புத்தகத்தை ஒதுக்காதே.
எழுதிய அம்மாளுக்கும் அவர் நாத்தனாருக்கும்
புளியின் அளவு பற்றி
அடிக்குறிப்பிலேயே ஒரு சண்டை ஓடும்.
ரசத்துக்கு வரும்போது பேச்சு நின்றுவிடும்.

கிணறு வெட்டுகிறவர்களைப் பற்றிய தடித்த நாவல்,
அதைக் கடைசியில் எடு. எழுநூறு பக்கம். என் உயிர்.
படிக்காமல் சாகக் கூடாது.

இரண்டாம் நாள் ஒரு போட்டோ வந்தது.
கூரையின் கண்ணாடி ஓடு வழியே
தரையில் ஒரு சதுர வெயில்,
அதற்குள் அவள் பாதம், எறும்புப் பக்கம்.
வெயில் நகர நகரத் தானும் நகர்வதாகச் சொன்னாள்.
ராத்திரி வாழை முறியும் சத்தம்;
மல்லேசன் மொட்டை மாடியில் வெடியோடு;
இவள் உள்ளே செல்போன் வெளிச்சத்தில்
புளிச்சண்டையில் யார் பக்கம் என்று
முடிவு செய்துகொண்டிருந்தாள்.
"நாத்தனாரு சொல்றதுதான் சரி. எங்க வீட்லயும் அவ்ளோதான் போடுவோம்."

மூன்றாம் நாள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"கிணத்துக் கதைய எடுத்தேன் சார்.
நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல அஞ்செட்டி பஸ் டிக்கெட்.
அதுக்கப்புறம் நெறைய பக்கம்
மேல ஒட்டிக்கிட்டே இருக்கு, வெட்டவே இல்ல.
அருவாமனைய வெச்சு நான்தான் பிரிச்சேன்.
நீங்க படிக்கல."

டைப் செய்தேன். அழித்தேன்.
பழைய பதிப்பு, பைண்டிங் கோளாறு என்று
ஒரு பொய் பாதி வரை வந்து நின்றது.
பதினோரு வருஷம்
கல்யாண வீட்டில், யூனியன் கூட்டத்தில், ரயிலில்
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்,
என் உயிர் என்று.

சாயங்காலம் யானைகள்
ஜவளகிரிப் பக்கம் திரும்பிவிட்டன என்று டிவியில் ஓடியது.
தப்பித்தேன் என்று அழைத்தேன்.
கிணற்றில் கடைசியில் தண்ணீர் வருகிறதா
என்றுதான் கேட்டேன், வேறெதுவும் தோன்றாமல்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் யாரோ தாரை எண்ணும் சத்தம்.

"ராகி முக்கா ஏக்கர் போச்சு சார்.
வாழை மொத்தமும்.
நாளைக்கு விஏஓ வந்து அளந்து எழுதுவாராம்.
நான் நானூறாம் பக்கத்துல இருக்கேன்.
தண்ணி வந்துச்சா இல்லையான்னு
நீங்களே வந்து பாத்துக்கோங்க."

வைக்கப் போகிறவள் நினைவு வந்தவளாக:

"வரும்போது வேற ஏதாவது கொண்டாங்க.
நீங்க படிச்சதா."