விளக்கு வாங்கவில்லை

நாரின் போகும் வழியெல்லாம் ஜல்லி.
ஒரு லாரி முந்தினால்
பின்னால் வருபவன் கண்ணாடியில் ஒரு நட்சத்திரம்.
அதில்தான் என் அடுப்பு எரிகிறது.

தொர்தோய் சந்தையில், கண்டெய்னர் கடைக்காரன்
சிவப்புப் பெட்டியைத் திறந்தான்.
"எல்லாம் இருக்கு புருல் அக்கா, பதினெட்டாயிரம் சோம்."
என் கையில் ஏழு.

திருகைச் சுழற்றினேன். மரை ஆடியது.
பிசினை இறுக்கிப் பிடிக்காத திருகு
வாக்குக் கொடுக்கும் குடிகாரன்.
மூடச் சொன்னேன்.

பித்தளை இன்ஜெக்டர் மட்டும், தனியாக,
நாலாயிரத்து இருநூறு, பேரம் இல்லை.
உறிஞ்சு கப் பழசு; ரப்பர் வெடிக்கவில்லை, போதும்.
பிசின் இரண்டு குப்பி, தேதி பார்த்து.
பிளேடு வீட்டில் உண்டு,
கணவன் தாடி வளர்க்கட்டும்.

"யூவி விளக்கு?"
மேலே கை காட்டினேன்.

ஜூலை முழுக்க வெயில் கூலி கேட்கவில்லை.
அக்டோபரில் தொக்தோசுன் வந்தான், ஆட்டு லோடோடு.
மூன்று நாள் மேகம்.
பிசின் கொழகொழவென்றே கிடந்தது.
ஆடுகள் கத்தின.
அவன் சூரியகாந்தி விதை கொறித்து
என் வாசலில் துப்பினான், ஒன்றும் பேசாமல்.

நாலாம் நாள் அரைமணி வெயில்.
நகத்தால் தட்டினேன், இறுகியிருந்தது.

பாதிக் கூலிதான் வாங்கினேன்.
மீதி,
நான் வாங்காத விளக்குக்கு வாடகை.