ஒன்பதடி

வரைபடத்தில் எழுபத்திரண்டு.
நாடாவில் எண்பத்தொன்று.
"சரியாத்தான் பிடிச்சிருக்கேன், கக்" என்கிறான்
மறுமுனை இருட்டிலிருந்து அஸ்ருல்.
மறுபடி அளக்கிறோம்.
வயதை மறைப்பவர்கள் உண்டு,
சன் லீ தியேட்டர் நீளத்தை மறைத்திருக்கிறது.

சுங்கை கெலாம் பட்டணத்தில்
சடக்கோரக் கடைவரிசைக்கு மேல் தலை நீட்டும் ஒரே கட்டடம்.
முகப்பு, 1937.
ஈயத்தில் சம்பாதித்ததைத் தவுக்கே கோ பெங் லியாட்
சிமெண்டில் நிறுத்தி வைத்தார்:
நடுவில் ஒரு கொடிமரத் தூண்,
இருபுறமும் படிப்படியாய் இறங்கும் தோள்கள்,
கல்லை நொறுக்கிக் கலந்த ஷாங்காய்ப் பூச்சு,
தடவினால் சுறாத் தோல்.
கீழே மழைக்கு ஒதுங்க அஞ்சடி.
மேலே துரைமார் ஐம்பது பேருக்குப் பிரம்பு நாற்காலி.

ஜப்பான்காரன் காலத்தில் நாற்காலிகளைப் பெயர்த்து
அரிசி அடுக்கினார்கள்.
தரையில் ஆணித்துளைகள் இன்னும் இருக்கின்றன
வரிசை தப்பாமல்,
யாரோ எழுந்து போனதை ஒப்புக்கொள்ளாமல்.

அவசரகாலத்தில் ஆறு மணிக்கு ஊரடங்கு.
பகலாட்டம் மட்டும்.
வெளிச்சம் நுழையாதிருக்க
மேல் சன்னல்கள் எட்டையும் செங்கல்லால் மூடினார்கள்.
அந்த எட்டு இமைகளும்
வெளிச்சுவரில் இன்றும் புடைத்துத் தெரிகின்றன.
இதுவரை எல்லாம் கோப்பில் இருக்கிறது.

ஒன்பதடி கோப்பில் இல்லை.

டார்ச்சோடு திரைச் சட்டத்தைத் தாண்டினேன்.
சுவர் அங்கே முடியவில்லை.
திரை அளவுக்கு உடைத்துத் திறந்திருந்தார்கள்.
பின்னால் தகரக் கூரை, மண் தரை,
தரையில் புதைத்த பெஞ்சுக் கால்கள்,
எல்லாம் திரையைப் பார்த்து.
திரையின் முதுகைப் பார்த்து.

செங்கல் கறுப்பு.
நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்: ரப்பர் ஷீட் வாட்டிய புகை.
எந்தத் தோட்டத்துப் புகைவீடு இடிந்ததோ.

பேரன் சைமன் கோ பழைய கணக்குப் புத்தகத்தைத்
தூசி தட்டிப் படித்துச் சொன்னார்:
1951, பின்பக்கக் கொட்டகை,
கொத்தனார் சின்னாண்டிக்குக் கூலி பதினெட்டு வெள்ளி,
வாளி இரண்டு, பம்பு ஒன்று, திரையை நனைக்க.
டிக்கெட் பதினைந்து காசு.

நனைந்த துணிக்குப் பின்னால்
அண்ணாந்த கழுத்தோடு
பால்வெட்டு முடித்து வந்த இருநூறு பேர்.
அவர்களுக்கு எல்லாக் கதாநாயகனும் இடதுகைக்காரன்.
இடதுகையால் வாள் வீசி
இடதுகையால் சோறு பிசைந்து
இடதுகையால் குங்குமம் வைத்தான்.
யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.
ஒருவேளை முதல் வாரம் மட்டும்.

கறுப்புச் செங்கல்லில், முழங்கால் உயரத்தில்,
வெற்றிலைச் சுண்ணாம்பால் ஏதோ கிறுக்கல்.
எந்த மொழி என்று தெரியவில்லை.
படமெடுத்துக் கைப்பேசியில் புரட்டிப் போட்டேன்.
"சுபம்."

படிக்கத் தெரியாத ஒரு பிள்ளை
பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறது.
புள்ளிகூட இடம் மாறாமல்,
திரையின் முதுகில் அது எங்கே இருந்ததோ அங்கே.

இப்போது அங்கே உழவாரக் குருவிகள்.
ஒலிபெருக்கியில் நாள் முழுக்கப் பறவைக் குரல் ஓடினாலும்
பால்கனிக்கு ஒன்றும் வரவில்லை.
அத்தனையும் அந்த ஒன்பதடியில்தான்
எச்சிலால் கூடு ஒட்டுகின்றன.
கிலோ விலையைச் சொல்லிவிட்டு
"அதை மட்டும் இடிச்சிடாதீங்க" என்கிறார் சைமன்.

நகராண்மைக் கழகப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
மூல அமைப்பு. அனுமதியற்ற இணைப்பு.
புள்ளிக்கோடு போட்டால் இடிப்பார்கள்.
முழுக்கோடு போட்டால் நிற்கும்.

முழுக்கோடு போட்டேன்.
அவருக்குக் குருவிக்காக.
எனக்கு எதற்காக என்று எழுதப்
படிவத்தில் இடமில்லை.
பகுதியின் பெயர் கேட்ட இடத்தில் "பார்வையாளர் கூடம்" என்று எழுதினேன்,
முன்பக்கத்துக்கு எழுதிய அதே பெயர்.

"முடிஞ்சதா, கக்?"
அஸ்ருல் பிடியை விட்டான்.
இருட்டுக்குள்ளிருந்து எண்பத்தோரடியும்
தரையைத் தட்டித் தட்டி
என் கைக்கு வந்தது.