முப்பத்தேழாம் இதழ்

சவப்பெட்டி செய்கிறவன் பெயர் என்ன என்றேன்.
தெரியாது என்றார் பூன் தெக்.
அவர் வாயிலிருந்து அந்தச் சொல்
வருடத்துக்கு ஒரு முறை வந்தால் அதிகம்.
ஒரு கோப்பி எனக்கு வரவேண்டும்.

ஒபதையா ப்ளம்.
நாயகன் ஆளைப் பார்க்காமலே சுடுவான்,
இவன் ஆளைப் பார்த்ததும் அளப்பான்.
ஐந்து இதழ்களில் வருகிறான், ஒன்றில்தான் பெயர்.
அதுவும் பெட்டியின் பக்கவாட்டில்,
எறும்பு அளவில்.

பிராஸ் பாசாவில் மூன்றாம் தளம், பழைய புத்தகக் கடை.
அந்தக் கட்டடத்து மின்தூக்கி நின்றுபோனால்
கம்பெனியில் என்னைத்தான் அனுப்புவார்கள்.
நிற்காத நாளிலும் வருவேன்.
இருபது வருடமாகத்
துப்பாக்கிக்காரர்களை விட்டுவிட்டு
மற்றவர்களை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

தந்தி குமாஸ்தா எல்மர் டிக்
இருபத்தெட்டாம் இதழில் நெஞ்சில் குண்டு வாங்கிச் செத்தவன்,
நாற்பத்தொன்றில் உட்கார்ந்து தந்தி அடிக்கிறானே?
அது தம்பி என்பது அவர் கட்சி.
வரைந்தவனின் மறதி என்பது என் கட்சி.
வங்கி வாசலில் கட்டிய சாம்பல் குதிரை யாருடையது?
கொள்ளையரும் ஏறவில்லை,
துரத்தியவரும் ஏறவில்லை.
போன வாரம் பார்த்தபோதும் அங்கேயே நின்றது.

ஒருவனைப் பற்றி மட்டும் நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.
சலவைக்கடைச் சீனன்.
பின்னல் சடை, வளைந்த முதுகு,
ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு வசனம்.
அந்தக் கட்டம் வந்தால் பூன் தெக்
எச்சில் தொடாமலே பக்கத்தைப் புரட்டிவிடுவார்.
நானும் அந்நேரம் வேறெங்காவது பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை. மழை. ஆள் இல்லை.
கண்புரை எடுத்து மூன்றாம் வாரம் அவருக்கு;
உலகமே அதிகமாய்த் தெரிகிறது என்று
காலையிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்தார்.
ப்ளம் பெயரை நிரூபிக்க
முப்பத்தேழை விரித்துக் காட்டினேன்.
என் விரலுக்கு மேலே, தெருவுக்கு அந்தப் பக்கம்,
சலவைக்கடைப் பலகை.

எல்லா இதழிலும் அதில்
சுள்ளி குவித்ததுபோல் கிறுக்கல்தான் இருக்கும்.
சீனம் மாதிரி, சீனம் இல்லை.
இதில் மட்டும் நான்கு எழுத்து, சுத்தமாக.
முதலில் தியோச்சுவில் படித்தார்,
பிறகு மாண்டரினில்,
பிறகு எனக்காக ஆங்கிலத்தில், மெதுவாக.
தமிழுக்கு இரண்டு சொல் போதும்:
கூலி பாக்கி.

யார் எழுதியது? தெரியாது.
உள்ளட்டையில் ஓவியர் பெயர் மட்டும் இருக்கிறது.
மை தீட்ட வைத்திருந்த யாரோ ஒருவர்,
வெள்ளிக்கிழமை வந்தும் கவர் வராத ஒருவர்.
ஆசிரியர் பார்த்தார், அச்சகம் பார்த்தது,
படிக்கத் தெரியாத பிள்ளைகள்
பத்து காசு கொடுத்து வாங்கினார்கள்.
பூன் தெக் சிரித்தார்,
ஸ்டூலைப் பிடித்து உட்காரும்வரை சிரித்தார்,
அப்புறம் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம்.

எனக்கு ஆசை வந்துவிட்டது.
நாற்பத்துநான்கில் தலைப்பாகை வைத்தியன் ஒருவன்
வண்டி நிறையப் புட்டிகளோடு வருவான்,
இந்தியா என்று அவனே சொல்லிக்கொள்வான்.
லென்ஸ் கேட்டு வாங்கிப் புட்டி புட்டியாய்த் தேடினேன்.
ஒரு ழ, அரை ழ கிடைத்தாலும் போதும்.
புழு. எல்லாம் புழு.
தலைகீழாய்ப் பார் என்று
புத்தகத்தை அவரே திருப்பிக் கொடுத்தார்.
தலைகீழ்ப் புழு.

ஆறு வெள்ளி விலைச்சீட்டை நகத்தால் சுரண்டியெடுத்து
முப்பத்தேழை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.
கோப்பி அவர் கணக்கு; சீனி இல்லாமல் எனக்கு.
குடிக்கும்போது அடுத்த கேள்வியை அவர்தான் போட்டார்:
புழுதி பறக்கும் அந்த ஊரில்
நாயகன் சட்டை மட்டும்
ஒன்பது வருடமாய் வெள்ளை வெளேரென்று இருக்கிறதே,
சலவைக்கு ஒருமுறையாவது காசு கொடுத்தானா?

நூற்றுப் பன்னிரண்டு இதழ்கள்.
முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறோம்,
கட்டம் கட்டமாக, ஒன்றையும் புரட்டித் தள்ளாமல்.
பத்தொன்பது வரை இல்லை.