எட்டு முழம்

கறுவாக் கப்பலில் கணக்கெழுதப் போன என்னை
அவள் கடலில் எறியாமல் விட்டதற்கு ஒரே காரணம்
குடுமியில் செருகியிருந்த எழுத்தாணி.

"எழுதுவியோ?"
தலையாட்டினேன்.
"பொய் எழுதுவியோ?"
சுங்கத்தில் பதினொரு வருடம் இருந்தவன் நான்.
சிரித்துவிட்டேன்.
பிழைத்துவிட்டேன்.

அன்றிரவு கொட்டியாரக் குடாவில்
வாடை பாயைக் கிழித்துக்கொண்டிருக்க
முதல் ஓலையில் கீறினேன்:
ஆழிநாச்சியின் உயரம் எட்டு முழம்.
உண்மையில் அவள் என் தோளுக்கும் எட்டமாட்டாள்.
சுக்கானைப் பிடிக்கவென்று மீராலெப்பை
தேங்காய்ப் பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்திருப்பான்.

அவள் கழுத்தில் மாலுமிகளின் பற்கள் என்றெழுதினேன்.
சோழிகள்தான், இரண்டு உடைந்தவை.
இராவணன் வெட்டுக்குள்ளே
அமாவாசைக்கு அமாவாசை கேட்கும் இரைச்சல்
அவள் வாள் தீட்டுவது என்றெழுதினேன்.
அலை அது. ஊருக்கே தெரியும்.
தெரிந்துகொண்டே நம்பினார்கள்.

ஓலைகளைக் கள்ளுத் தவறணையிலும்
கன்னியா வெந்நீர்க் கிணற்றடியிலும்
மறதியாய் விட்டு வருவதற்கென்றே
ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்தாள்.

மாரி முடியவில்லை,
ஒல்லாந்தன் கப்பலொன்று
எங்கள் கறுத்த பாயைக் கண்டதுமே
தானாக நங்கூரம் போட்டது.
சாவிக்கொத்தை நீட்டிய கப்பித்தானின் கை
ஆடிய ஆட்டத்தில் சாவிகள்
சலங்கையாய்க் கிலுங்கின.

"பாத்தியோ கதிரித்தம்பி,
வெடிமருந்தும் மிச்சம், மனிசரும் மிச்சம்.
நாளைக்கு என்னை
இன்னும் கொஞ்சம் கெட்டவளாக்கு."

ஆக்கினேன்.
பிறந்த ஊரைத் தானே கொளுத்தினாள் என்றும்
ஒருநாள் எழுதிவிட்டேன்.
அந்த ஓலையை மட்டும்
இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.
எரிந்தது அவள் ஊர்தான்.
எரித்தவர்கள் வேறு.
அழித்துவிடவா என்று கேட்டேன்.
"இருக்கட்டும். நான் எரிச்சதெண்டே இருக்கட்டும்.
எரிபட்டவளுக்கு
ஆர் பயப்பிடுவான்?"

எழுதாமல் விட்டது ஒன்றுண்டு.

சாமிமலைக்கு நேர் கிழக்கே
ஈயக்குண்டை இறக்கினால்
கயிறு தீர்ந்துபோகும், தரை வராது.
அங்கே பாயைச் சுருட்டச் சொல்லிவிட்டு
அடிப்பலகையில் காதை வைத்துப் படுப்பாள்.
நாங்கள் இருமவும் கூடாது.
நெடுநேரம் கழித்து
கோயில் வீதியளவு நீளமான ஒன்று
பக்கத்தில் வந்து மூச்சுவிடும்.
நீர்த்தூண் எழுந்து எங்கள் மேல் மழையாய்ப் பெய்யும்.
ஒற்றைக் கண்.
எங்களில் ஒருவரையும் அது பார்க்காது,
அவளைத் தவிர.

எழும்பித் தலைமயிரைப் பிழிந்துகொண்டு சொல்வாள்:
"தெற்காலை மூண்டு கப்பல் வருது.
ஒண்டுக்குள்ளை யானை நிண்டு அழுகுது."

மறுநாள் மூன்று கப்பல்.
யானையை மகாவலி முகத்துவாரத்தில் இறக்கிவிட்டோம்.
தும்பிக்கையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு
நீந்திப் போனது,
திரும்பியே பார்க்காமல்.

"இதை எழுதட்டோ?"
"விசரே உனக்கு? ஆர் நம்புவான்?"

பிறகு மீராலெப்பை காய்ச்சலில் போனான்.
பாய்கள் இற்றன.
ஒரு சோழகக் காலத்தில் கப்பலைத் தானே துளையிட்டுத் தாழ்த்தினாள்,
தேங்காய்ப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு
கரையேறினாள்.

கோட்டை வாசலில் அவளுக்காகத்
தூக்குமரம் நட்டிருந்தார்கள்,
என் ஓலையைப் பார்த்து
எட்டு முழத்துக்கு அளந்து.
நல்ல உயரம். நல்ல நிழல்.
அந்த நிழலில் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து
சூடைமீன் விற்கிறாள் ஆழிநாச்சி.
காவற்காரர்கள் பேரம் பேசுகிறார்கள்.
அழுகிற பிள்ளையை அவளுக்கு முன்னாலேயே
அவள் பெயர் சொல்லி அடக்குகிறார்கள்.
"ஓமோம், வருவாள்" என்று
இவளும் கண்ணை உருட்டுகிறாள்.

சில காலைகளில்தான்,
கிழக்கே தூரத்தில் வெள்ளையாய் ஒன்று எழும்பி விழும்போதுதான்,
கத்தி பாதி மீனில் நின்றுவிடும்.

"என்ன விலை?" என்கிறான் ஒரு சிப்பாய்.
"ஏய், உன்னைத்தான். என்ன விலை?"

"கொஞ்சம் பொறு" என்கிறாள்,
"கதைக்கிது."