ரிமோட் இருக்கும் இடம்

"சுவரில் இருப்பது வெறும் வாய்,
சூடு தெரிவது இதற்குத்தான்" என்று
ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனான்
மெக்கானிக் கலோஜெரோ.
இதை எங்கே வைக்கிறோமோ
அதுதான் வீடு என்று எந்திரம் நம்புமாம்.

அன்று பிடித்த சண்டை.
கஸ்பாரே அதைக் காபி அடுப்பருகே சாய்த்துவைப்பார்,
பலேர்மோவில் பனிக்காலம் வந்துவிடும்.
நான் ஐஸ் ஜாடியோடு ஒட்டவைப்பேன்,
எந்திரம் மூச்சை அடக்கிக்கொள்ளும்.

ஆகஸ்டில், ஆப்பிரிக்கச் செம்புழுதியைச் சுமந்து
சிரோக்கோ வீசிய இரவு
அவருக்குக் காய்ச்சல், முப்பத்தொன்பதரை.
கேட்கும் முன்பே கொடுத்துவிட்டேன்.
மார்பின் மேல்,
முனை சுவரைப் பார்க்கும்படி.

மூச்சோடு ஏறி இறங்கியது.
அவர் உடம்பையே வானிலை என்று எடுத்துக்கொண்டு
எந்திரம் கொட்டியது குளிரை.
மிலானோ போனபோது வாங்கிய கம்பளிக் கோட்டுக்குள்
நாற்காலியில் நான்.

விடியும் நேரம் புரண்டு படுத்தார்.
மெத்தையில் குப்புற விழுந்தது ரிமோட்.
சேதி அறுந்த எந்திரம்
இன்னும் கொஞ்சநேரம் பழைய காய்ச்சலையே ஊதிக்கொண்டிருந்தது.

எடுத்து மடியில் வைத்தேன்.
பதினேழு என்றது திரை.
எந்தப் பொத்தானையும் நான் அழுத்தவில்லை.
தானாக ஓய்ந்தது.
அந்த அமைதியில் பார்த்தேன்,
அவர் கழுத்தில் வியர்வை.