விதை எண்

ஏழு என்று கொடுத்தால்
எப்போதும் அதே ஓவியம்தான்.
அதே கோடு, இடது மூலையில் அதே சுழி.
யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட நிரல்
சொன்ன சொல் மாறாது.

டெல்பின் விதை எண்ணை அழித்தாள்.
தயிர் டப்பாவில்
மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல்.
பக்கத்தில் பழைய கதிர்மானி.

டிக்.
டிக்டிக்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
டிக்.

துடிப்புக்கு ஒரு சுரம், திரையில் ஒரு புள்ளி.
தாளம் போடப் பார்த்த தம்பி
கையை மடியில் வைத்துக்கொண்டான்.

முப்பத்திரண்டாம் வரியில்
எந்த ஊர்க்காரரோ விட்ட பிழையைத்
திருத்தித் திருப்பி அனுப்பினாள்.

மேசைக்கால் ஆடாதிருக்க
நாலாய் மடித்த ரசீது:
திருவனந்தபுரம், கதிர் சிகிச்சை,
அம்மா பெயர்.

அடுத்த அறையில் இருமல்.
ஒலியைக் குறைத்தாள்.
புள்ளிகள்
விழுந்துகொண்டுதான் இருந்தன.