எந்த நான்கு மணி

பாறைமேல் நட்டிருந்த கேமராவின் மின்கலம்
ஒருமுறை விக்கியது.
மறுபடி கண்விழித்தபோது அது
1980 ஜனவரி ஒன்றில் இருந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
எல்லாம் இந்தக் கோடையின் லோம்விப் பறவைகள்,
வெறும் பாறையில் முட்டையை வைத்துக்கொண்டு
தோளோடு தோள் நெருக்கி நிற்பவை.
முந்நூற்று நாற்பதாம் படத்தில் ஒரு முட்டை விரிசல் விடுகிறது.
கோப்பின் தேதியை நம்பினால்
அந்தக் குஞ்சு என்னைவிட எட்டு வயது மூத்தது.

வெளிச்சத்தை வைத்து நேரம் சொல்லலாம் என்பார்கள்.
வார்டோவில் ஜூன் மாதம் வந்து சொல்லிப் பாருங்கள்.
நள்ளிரவிலும் சூரியன்
கடலுக்கு ஒரு சாண் மேலே
எழுந்துபோகத் தெரியாத விருந்தாளிபோல் உட்கார்ந்திருக்கும்.
நிழல் மட்டும்தான் சுற்றிவரும்.
மேகம் மூடினால் அதுவும் இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் படத்தின் ஓரத்தில்
கப்பல் ஒன்று சிக்கியது.
துறைமுகத்துக்குத் தொலைபேசினேன்.
குன்வோர் எதையோ மென்றபடி பதிவேட்டைப் புரட்டினாள்:
"ஜூன் இருபத்தொன்பது, பதினாறு முப்பத்தொன்று,
முனையைத் தாண்டியிருக்கிறது."
கேமரா சொன்னது: ஜனவரி மூன்று,
விடிகாலை நாலு ஐம்பத்திரண்டு.

கழித்தேன்.
நாற்பத்துமூன்று ஆண்டு, ஐந்து மாதம்,
இருபத்தாறு நாள், பதினொரு மணி, முப்பத்தொன்பது நிமிடம்.
இவ்வளவுதான் பிழை.

கறுப்புத் திரையில் ஒற்றை வரி.
கட்டளையின் பெயர் டச். தொடு.
அது கோப்பைத் திறக்காது, படிக்காது,
ஓர் இறகின் நிறத்தையும் மாற்றாது,
தொட்டுவிட்டு நகரும்.
காபி ஆறுவதற்குள்
அத்தனையும் இந்த ஆண்டுக்கு வந்துவிட்டன.

ஐலிஃப் பின்னால் நின்றிருந்தான்.
ஈரக் கையுறையைக் கழற்றவில்லை.
"என் ஆய்வுக் குறிப்பையும் அப்படியே..."
ஜூலை ஒன்றில் அவன் தீவுக்குப் போயிருக்க வேண்டும்.
போனது நான்காம் தேதி.

எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.
"தூங்கிவிட்டேன், ஆஸ்ட்ரி.
விழித்தபோது நான்கு மணி. சன்னல் நிறைய வெயில்.
எந்த நான்கு என்று தெரியவில்லை.
விடியலா, மாலையா, எந்த நாளுடையது.
யாரிடமாவது கேட்க வெட்கமாக இருந்தது.
திரும்பப் படுத்துவிட்டேன்."

கேமராவை மன்னித்த கை இவனை என்ன செய்யும்?
அதே கட்டளை. அதே விரல்கள்.
முன்னது திருத்தம், பின்னது புரட்டு என்று
கணினிக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
ஆனால் கோப்புக்குள் மூன்றாவதாக ஒரு கடிகாரம் உண்டு,
இந்தக் கட்டளையின் கைக்கு எட்டாதது.
யார் தொட்டார், ஏன் தொட்டார் என்று எழுதாது.
எப்போது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும்.
என் பறவைகளுக்கும் சேர்த்துத்தான்.

இதை அவனிடம் சொல்லவில்லை.
தேதியைத் தட்டினேன். பெயரைத் தட்டினேன்.
அவசரத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனது.
அவசரம்தானா என்று என்னைக் கேட்காதீர்கள்.
இல்லாத பெயரைத் தொட்டால்
இந்தக் கட்டளை கோபித்துக்கொள்வதில்லை,
அந்தப் பெயரில் ஒன்றைப் பெற்றுப் போட்டுவிடும்.
விட்டகுறை தொட்டகுறை என்பது இதுதானோ என்னவோ:
ஓர் எழுத்தை விட்டேன், இல்லாததைத் தொட்டேன்.

பட்டியலில் வந்து நின்றது
ஐலிஃபில் ஓர் எழுத்து குறைந்த கோப்பு.
ஜூலை ஒன்று.
அளவு பூஜ்ஜியம்.
பறவை இல்லை, படகு இல்லை, காற்றின் வேகம் இல்லை.
அதற்கு நேர் கீழே நான்காம் தேதிக் குறிப்பு
அசையாமல், அவனுடைய எழுத்துப் பிழைகளோடு.

குனிந்து பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
"சரிதான். அன்றைக்கு அவ்வளவுதான்."

அழித்துவிடட்டுமா என்றேன்.
கையுறையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்."